உப்பளக் கரைவழியே: வெப்பமும் உடலும் பற்றிய ஓர் ஆய்வுப் பயணம்

சென்னைக்குத் தெற்கே மரக்காணத்தில் தொடங்கி, வேதாரணியத்தையும் வாலிநோக்கத்தையும் கடந்து, தூத்துக்குடிக்குத் தெற்கே ஆறுமுகநேரி வரை விட்டுவிட்டுத் தொடரும் உப்பளங்கள், காலநிலை மாற்றம் மனித உடலை எவ்வாறு தாக்குகிறது என்பதை அறிய முயலும் ஆய்வாளர்களின் கவனத்தை அண்மை ஆண்டுகளில் பெரிதும் ஈர்த்துள்ளன. வயலிலும் செங்கற்சூளையிலும் சாலைப்பணியிலும் வேலை செய்வோருக்கு வெயில் பொறுத்துக்கொள்ள வேண்டிய ஒரு துன்பம். நிழலில் அதே வேலையைச் செய்ய முடிந்தால் அவர்கள் எதையும் இழப்பதில்லை. உப்பளத்திலோ வெயில்தான் மூலப்பொருள். வானம் மூடியிருக்கும் நாளில் உப்பு விளையாது. உப்பு விளையாத நாளில் கூலி கிடையாது. விளைச்சலுக்கு உகந்த நாளே உழைப்பவரின் உடலுக்குக் கேடு மிகுந்த நாளாகவும் அமைவதால், வெப்பம் உடலில் நிகழ்த்தும் மாற்றங்களை வேறெங்கும் காண்பதைவிடத் தெளிவாக இக்கரையில் காண முடிகிறது.

இக்கரை பற்றிய ஆய்வைப் பின்தொடரும் பயணம் கடலோரத்தில் அன்றி, சென்னையின் மேற்குப் பகுதியான போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் தொடங்குவதே பொருத்தமாகும். அந்நிறுவனத்தின் சுற்றுச்சூழல் நலப் பொறியியல் துறையைச் சேர்ந்த பேராசிரியர் வித்யா வேணுகோபாலும் அவருடைய குழுவினரும், தென்னிந்தியாவின் உருக்காலைகள், செங்கற்சூளைகள், வயல்கள், உப்பளங்கள் ஆகியவற்றில் வெப்பத்தையும் தொழிலாளரின் உடல்நிலையையும் ஒருங்கே அளந்து வந்துள்ளனர். பணியிட வெப்பம் உடல்நலத்தையும் உழைப்புத் திறனையும் எவ்வளவு குறைக்கிறது என்பதைப் பல நாடுகளில் ஒரே முறையில் அளக்க வேண்டும் என்ற நோக்கத்துடன் டார்ட் செல்ஸ்ட்ரோம் என்னும் அறிஞர் முன்னெடுத்த ‘ஹாத்தாப்ஸ்’ என்ற பன்னாட்டுத் திட்டம் இப்பணிக்கு ஒரு தொடக்கமாக அமைந்தது. ஒரே முறை என்பது இங்கு மிக முக்கியமானது. ஏனெனில் ஒரு நாட்டில் நண்பகலிலும் மற்றொரு நாட்டில் மாலையிலும், ஓரிடத்தில் நிழலிலும் வேறோரிடத்தில் திறந்தவெளியிலும் எடுத்த அளவுகளை அருகருகே வைத்து எந்த முடிவுக்கும் வர இயலாது.

உப்பள ஆய்வில் போரூர்க் குழுவினருடன் ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தொழில்மருத்துவ அறிஞர் கிறிஸ்டினா யாகோப்சனும், ‘லா இஸ்லா நெட்வொர்க்’ என்ற அமைப்பை நிறுவிய ஜேசன் கிளேசரும் இணைந்தனர். குளிர்நாடான ஸ்வீடனுக்கும் தமிழகத்தின் உப்பளத்துக்கும் என்ன தொடர்பு என்ற வினா எழுவது இயல்பே. அதற்கான விடை மத்திய அமெரிக்காவில் இருக்கிறது. நிக்கராகுவா, எல் சால்வடார் ஆகிய நாடுகளின் பசிபிக் கரையோரக் கரும்புத் தோட்டங்களில், நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ இல்லாத இளைஞர்கள் சிறுநீரகம் செயலிழந்து இறந்துவருவதை அந்நாட்டு மருத்துவர்கள் கவனித்தனர். 2002 ஆம் ஆண்டில் எல் சால்வடாரிலிருந்து இது குறித்து மருத்துவ இதழில் அறிக்கை வெளியானது. நிக்கராகுவாவின் சிச்சிகால்பா நகருக்கு அருகிலுள்ள ‘லா இஸ்லா’ என்ற ஊரில் ஆண்கள் பலர் இந்நோயால் மடிந்தனர்; அதன் காரணமாக அவ்வூர் ‘கைம்பெண்களின் தீவு’ என்றே அழைக்கப்பட்டது. மேற்சொன்ன அமைப்பின் பெயர் அவ்வூரிலிருந்து வந்ததே. கரும்பு வெட்டுவோரிடம் கண்ட நோய், அதே அளவு வெயிலில் அதே அளவு கடுமையாக உழைக்கும் பிற நாட்டுத் தொழிலாளரிடமும் உள்ளதா என்ற கேள்வியே அந்நோயை ஆராய்ந்துவந்த கோத்தன்பர்க்கையும் போரூரையும் இணைத்தது. இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும், ஆந்திரத்தின் உத்தானம் பகுதியிலும் காரணம் உறுதிப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் உழவர்களிடையே பரவியிருப்பது அக்கேள்வியின் அவசரத்தை மேலும் கூட்டியது.

போரூரிலிருந்து கடற்கரையை அடைந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கிச் செல்வோர், மாமல்லபுரத்தையும் பாலாற்றின் முகத்துவாரத்தையும் கடந்து மூன்று மணி நேரத்துக்குள் மரக்காணத்தை அடையலாம். கழுவேலி என்னும் பரந்த உவர்நீர்ச் சதுப்பின் அருகே அமைந்த இவ்வூரில், சாலையிலிருந்து பார்க்கும்போதே கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்ட பாத்திகளும், வரப்புகளின்மேல் குவிக்கப்பட்டுக் கீற்று வேய்ந்த உப்புக் குவியல்களும் தென்படும். சங்க இலக்கியம் உமணர் என்று குறிப்பிடும் உப்பு வணிகர் வண்டியில் உப்பேற்றிச் சென்ற காலத்திலிருந்து இன்றுவரை, உப்பை உருவாக்கும் அடிப்படை முறை அதிகம் மாறவில்லை. உவர்நீரை முதலில் பெரிய பாத்திகளில் தேக்கிக் காயவிடுவர். நீரில் கரைந்துள்ள உப்பின் செறிவை ‘போமே’ என்னும் அளவையால் கணக்கிடுகின்றனர். இதனைத் தொழிலாளர் ‘டிகிரி’ என்றே சொல்வர். கடல்நீர் ஏறத்தாழ 3 டிகிரியில் இருக்கும். காயக்காய அதிலிருந்து ஜிப்சம் படியும். 25 டிகிரியை அடைந்த நீரைச் சிறு பாத்திகளுக்கு மாற்றினால் அங்கு உப்புப் படியத் தொடங்கும். அதன்பின் எஞ்சும் மக்னீசியம் மிகுந்த கசப்பு நீரை உரிய நேரத்தில் வெளியேற்றாவிட்டால் உப்பின் தரம் கெடும். பாத்தியின் தரையை மிதித்துக் கெட்டிப்படுத்துவது, படிந்த உப்பை நீண்ட கழியில் பொருத்திய பலகையால் வாரிக் கரையில் சேர்ப்பது, அதைத் தலையில் சுமந்து மேட்டில் குவிப்பது ஆகிய அனைத்தும் மனித உடலின் வலுவாலேயே நடைபெறுகின்றன.

இவ்வேலைகள் பெரும்பாலும் விடியுமுன் தொடங்கி வெயில் ஏறும் வரை தொடரும். காலையில் தொடங்குவதால் வெப்பத்திலிருந்து தப்பிவிடலாம் என்று எண்ணுவது, வறண்ட நாட்டில் ஓரளவு சரியாகலாம். கடலோரத்தில் அது முழுவதும் பொருந்தாது. உடல் தன் வெப்பத்தை வெளியேற்றுவதற்கு நம்பியிருப்பது வியர்வையை அல்ல, வியர்வை ஆவியாவதையே. காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது வியர்வை வழிந்து வீணாகிறதே தவிர ஆவியாகித் தோலைக் குளிர்விப்பதில்லை. ஆகவே வானிலை அறிக்கை கூறும் வெப்பநிலையை மட்டும் கொண்டு தொழிலாளரின் இடரை மதிப்பிட முடியாது. அதற்கெனவே 1950களில் அமெரிக்கப் படைவீரர் பயிற்சி முகாம்களில் வீரர்கள் வெப்பத்தால் மயங்கி விழுந்ததைத் தடுக்க உருவாக்கப்பட்ட ஓர் அளவை இங்கும் பயன்படுகிறது. ஈரக்குமிழ்க் கோள வெப்பநிலை என்று தமிழில் சொல்லத்தக்க அவ்வளவையைக் காட்டும் கருவியில் மூன்று வெப்பமானிகள் உண்டு: ஈரத்துணி சுற்றியது ஒன்று, வெயிலை உறிஞ்சும் கருநிறக் கோளத்தினுள் வைத்தது மற்றொன்று, நிழலில் காற்றின் வெப்பத்தைக் காட்டும் வழக்கமான வெப்பமானி மூன்றாவது. திறந்தவெளியில் முதலாவதற்கு 70 விழுக்காடும், இரண்டாவதற்கு 20 விழுக்காடும், மூன்றாவதற்கு 10 விழுக்காடும் மதிப்பளித்துக் கூட்டி ஒரே எண்ணாகத் தருவர். வெயிலுக்குப் பழகிய உடல் நடுத்தர உழைப்பில் தொடர்ந்து ஈடுபட அவ்வெண் 28 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது என்பது பன்னாட்டுத் தரநிலை. உழைப்பு கடுமையாகும்போது அவ்வரம்பு மேலும் இறங்கும்.

ஆய்வுக் குழுவினர் இக்கருவியைப் பாத்திக்கரையில் நிறுத்தியதோடு, வேலைக்கு முன்னும் பின்னும் தொழிலாளரின் உட்புற உடல்வெப்பத்தையும், இதயத் துடிப்பையும், வியர்வை வெளியேறும் வேகத்தையும், சிறுநீரின் அடர்த்தியையும் அளந்தனர். சிறுநீரின் அடர்த்தி கூடுவது உடலில் நீர் குறைந்திருப்பதன் அறிகுறி. அத்துடன் இரத்தத்தில் உள்ள கிரியாட்டினின் அளவையும் கண்டறிந்தனர். தசைகளின் இயக்கத்தில் உண்டாகும் கழிவுப்பொருளான கிரியாட்டினினைச் சிறுநீரகம் வடித்து வெளியேற்ற வேண்டும். அது இரத்தத்தில் எவ்வளவு தேங்கியுள்ளது என்பதைக் கொண்டு, சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு இரத்தத்தை வடிகட்டுகிறது என்பதைக் கணக்கிட்டுவிடலாம். இதுவே மதிப்பிடப்பட்ட வடிகட்டல் வீதம் எனப்படுகிறது. அது 60 என்ற எண்ணுக்குக் கீழ் மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் நாட்பட்ட சிறுநீரக நோய் என்று மருத்துவம் வரையறுக்கிறது.

தமிழகத்தின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளரிடம் நடத்திய இவ்வாய்வின் முடிவுகள் 2023 ஆம் ஆண்டில் வெளியாயின. ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் பரிந்துரைக்கப்பட்ட வெப்ப வரம்பைத் தாண்டிய சூழலில் உழைப்பதும், 7 விழுக்காட்டினரிடம் சிறுநீரக வடிகட்டல் வீதம் குறைந்திருப்பதும் தெரியவந்தன. பதின்மரில் ஒன்பது பேர் வரம்புக்கு மேல் உழைக்கின்றனர் என்றால், அங்கு விதிவிலக்கு என்று சொல்லத்தக்கது பாதுகாப்பான பணியே, ஆபத்து அன்றாடமாகிவிட்டது. கடும் வெப்பத்தில் உடல் தோலுக்கு மிகுதியாக இரத்தத்தைத் திருப்புவதால் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. நீரிழப்பு அதனைக் கூட்டுகிறது. மிகையுழைப்பால் சிதையும் தசைகளின் கழிவு மேலும் ஒரு சுமையாகிறது. ஒரு நாள் நிகழும் சிறு சிதைவை உடல் ஆற்றிக்கொள்ளும். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அது நிகழ்ந்தால் ஆறுவதற்கு இடைவெளி இருக்காது. பூச்சிக்கொல்லிகள், குடிநீரிலுள்ள உலோகங்கள் போன்றவையும் இந்நோய்க்குக் காரணமாகலாம் என்று கருதுவோர் உண்டு, அவ்விவாதம் முடியவில்லை. ஆயினும் வெப்பமும் நீரிழப்பும் சிறுநீரகத்தைப் புண்படுத்துகின்றன என்பதை எத்தரப்பினரும் மறுப்பதில்லை.

மரக்காணத்திலும் பிற அளங்களிலும் உழைப்போரில் பெண்கள் கணிசமானோர். உப்பளம் மரமோ மறைவோ இல்லாத வெட்டவெளி. கழிப்பறை இல்லாத இடத்தில் நாள் முழுவதும் உழைக்க வேண்டிய பெண் தண்ணீர் குடிப்பதைத் தானே குறைத்துக்கொள்கிறாள். தாகத்தை அடக்குவது அவளுக்கு மானத்தைக் காக்கும் வழியாகிறது. வெப்பத்தால் வரும் நீரிழப்புடன் இவ்வாறு வலிந்து ஏற்கும் நீரிழப்பும் சேர்வதால் சிறுநீர்ப்பாதைத் தொற்றும் பிற தொல்லைகளும் பெண்களிடம் மிகுவதைப் போரூர்க் குழுவினர் 2016 ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டுரையில் எடுத்துக்காட்டியிருந்தனர். இவ்வாய்வுகள் அனைத்திலும் இதுவே மிகக் கூர்மையான கண்டறிதல் என்று கருதலாம். வெப்பமானியால் மட்டும் இதனைக் கண்டிருக்க இயலாது, பெண்களிடம் அமர்ந்து பேசியதாலேயே கண்டனர். இதே குழு, மகப்பேறு மருத்துவ அறிஞர் ஜேன் ஹர்ஸ்டுடன் இணைந்து தமிழகத்தில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2024 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, கடும் வெப்பத்தில் உழைக்கும் கர்ப்பிணிகளுக்குக் கருச்சிதைவு உள்ளிட்ட இடர்கள் ஏறத்தாழ இருமடங்காவதைக் காட்டியது.

மரக்காணத்துக்குத் தெற்கே புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் வழியாகக் கொள்ளிடத்தைக் கடந்து நாகப்பட்டினம் வரை நெல்வயல்களும் இறால் பண்ணைகளும் மாறிமாறி வரும் நெடுவழியில் உப்பு பற்றிச் சொல்ல அதிகமில்லை. வேதாரணியத்தில்தான் மீண்டும் உப்பளம் விரிகிறது. 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சிராப்பள்ளியிலிருந்து ராஜாஜி தலைமையில் புறப்பட்ட தொண்டர்கள் ஏப்ரல் 28 அன்று இவ்வூரை அடைந்து, 30 ஆம் நாள் அகஸ்தியம்பள்ளியில் தடையை மீறி உப்பள்ளினர். அந்நிகழ்வின் நினைவாக எழுப்பப்பட்ட தூணைக் காணப் பலர் வருகின்றனர். உப்பு அள்ளும் உரிமைக்காகச் சிறை சென்றவர்களைப் போற்றும் நாடு, உப்பை அள்ளுவதையே வாழ்வாகக் கொண்டவர்களின் உடல்நலத்தையும் அதே பெருமிதத்துடன் காக்கக் கடமைப்பட்டது. 2018 நவம்பரில் வேதாரணியத்துக்கு அருகே கரைகடந்த கஜா புயல் இங்குள்ள உப்பளங்களைச் சிதைத்தபோது, தொழிலாளர் தம் வீட்டையும் வேலையையும் ஒரே இரவில் இழந்தனர்.

இராமநாதபுரம் மாவட்டத்தின் வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்புக் கழகத்தின் அளம் உள்ளது. ‘நெய்தல்’ என்ற பெயரில் விற்கப்படும் உப்பு அரசின் அக்கழகத்துடையது. அரசே உரிமையாளராக இருப்பதால், நிழற்கூடமும் குடிநீரும் ஓய்வு நேரமும் அளிக்கும் முன்மாதிரி அளம் ஒன்றை உருவாக்கி அதன் பயனை அளந்து பார்க்க இதைவிடத் தகுந்த இடம் இல்லை.

பயணத்தின் கடைசிப் பகுதியான தூத்துக்குடி மாவட்டம் தமிழகத்தின் உப்பு விளைச்சலில் முதலிடம் வகிப்பது. வேம்பார், தருவைக்குளம், முள்ளக்காடு, முத்தையாபுரம், ஆறுமுகநேரி எனக் கடலோரம் நெடுகிலும் அளங்கள் உண்டு. இங்குப் பல அளங்களில் கடல்நீரைவிடச் செறிவு மிகுந்த நிலத்தடி உவர்நீரை ஆழ்துளைக் கிணற்றிலிருந்து இறைத்துப் பாத்திகளில் தேக்குகின்றனர். பாத்தியிலிருந்து வாரிய உப்பைத் தட்டுமேடு எனப்படும் மேட்டில் கொட்டி அம்பாரமாகக் குவிக்கும் காட்சியை இங்கும் காணலாம். வெள்ளை உப்பின் மீது பட்டுத் திரும்பும் ஒளி கண்ணைக் கூசச் செய்வதால், மேலிருந்து வரும் வெயிலோடு கீழிருந்து வரும் வெயிலையும் தொழிலாளர் தாங்க வேண்டியுள்ளது. உவர்நீரில் ஊறும் பாதங்களில் வெடிப்பும் புண்ணும் உண்டாகின்றன. ஆய்வுக் கருவிகள் இங்கு வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ராஜம் கிருஷ்ணன் ‘கரிப்பு மணிகள்’ நாவலில் இவ்வாழ்வைப் பதிவுசெய்துவிட்டார் என்பதை இங்கு நன்றியுடன் குறிப்பிட வேண்டும்.

காலநிலை மாற்றம் உப்பளத் தொழிலாளரைத் தாக்கும் வழி வெப்பம் மட்டும் அன்று. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால் அது தாங்கும் நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும் என்பது இயற்பியல் உண்மை. எனவே மழை பெய்யும்போது மிகையாகப் பெய்யும் வாய்ப்பும் கூடுகிறது. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, தூத்துக்குடி மாவட்ட அளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. குவித்து வைத்த உப்பு கரைந்தது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வழக்கமாகவே வேலை இராது. அம்மாதங்களுக்கெனத் தமிழ்நாடு அரசு தொழிலாளர் குடும்பத்துக்கு ரூ.5,000 நிவாரணம் வழங்குகிறது. மழை பருவம் தவறியோ மிகுந்தோ பெய்து வேலை நாள்கள் சுருங்கும்போது, எஞ்சிய கோடை நாள்களில் கூடுதலாக உழைத்து அவ்விழப்பை ஈடுசெய்யத் தொழிலாளர் முனைகின்றனர். செய்யும் வேலையின் அளவுக்கேற்பக் கூலி தரப்படும் இடங்களில், நிழலில் ஒதுங்கும் ஒவ்வொரு நிமிடமும் வருமான இழப்பாகிறது. மழை வெள்ளத்தின் கேடு இவ்வாறு சுற்றிவந்து வெயிலின் கேடாகவே உடலில் இறங்குகிறது. 2030 ஆம் ஆண்டில் வெப்பத்தால் இந்தியா தன் மொத்த உழைப்பு நேரத்தில் 5.8 விழுக்காட்டை, அதாவது 3.4 கோடி முழுநேர வேலைகளுக்கு ஈடான உழைப்பை இழக்கும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019 இல் கணித்தது. தேசக் கணக்கில் உழைப்பு இழப்பாகப் பதிவாகும் அந்த எண், தூத்துக்குடியில் ஒரு குடும்பத்தின் அன்றைய அரிசியையும் பிள்ளையின் பள்ளிச் செலவையும் குறிக்கும்.

ஆய்வின் எல்லையையும் நேர்மையுடன் சொல்ல வேண்டும். ஒரு குறிப்பிட்ட காலத்தில் ஒருமுறை அளந்து செய்யும் ஆய்வு, குறுக்குவெட்டு ஆய்வு எனப்படும்; சிறுநீரகம் பழுதுபட்டோர் எத்தனை பேர் என்பதை அது காட்டும், எப்போது எதனால் பழுதுபட்டது என்பதை அதனால் உறுதியாகக் கூற முடியாது. நோயுற்றோர் வேலையை விட்டு வீட்டில் இருந்துவிடுவதால், அளத்தில் அளந்த எண் உண்மையைவிடக் குறைவாகவும் இருக்கலாம். ஒரே தொழிலாளரைப் பல பருவங்களுக்குத் தொடர்ந்து கவனிக்கும் நெடுங்கால ஆய்வே இதற்குத் தீர்வு. அத்தகைய ஆய்வுக்குப் பல ஆண்டுகளுக்கான நிதியும், ஊர்ச் செவிலியரும், மாதிரிகளைச் சீராகச் சோதிக்கும் ஆய்வகமும் தேவைப்படுவதால், எந்தத் தனிப் பல்கலைக்கழகமும் அதைத் தானே நடத்துவது அரிது. நாடு கடந்த கூட்டு முயற்சியின் முதன்மையான நியாயம் இதுவே.

ஆனால் நெடுங்கால ஆய்வு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நிக்கராகுவாவின் சர்க்கரை ஆலை ஒன்றில் லா இஸ்லா நெட்வொர்க்கும் ஆய்வாளர்களும் இணைந்து, குறித்த இடைவெளிகளில் கட்டாய ஓய்வு, வயலுக்கே நகர்த்தத்தக்க நிழற்கூடாரம், போதிய நீர், உப்பு கலந்த பானம் ஆகியவற்றை நடைமுறைப்படுத்தியபோது, கரும்பு வெட்டுவோரிடம் சிறுநீரகச் சிதைவு குறைந்தது. அங்கு ஓய்வு தொழிலாளரின் விருப்பத்துக்கு விடப்படவில்லை. வேலை ஒழுங்கின் பகுதியாக்கப்பட்டது. அளத்தில் ஓய்வுக்கும் கூலி உண்டு என்ற ஏற்பாடு இல்லாமல் வெறும் அறிவுரையால் எவரும் நிழலில் அமரமாட்டார் என்பதை இக்கூட்டாய்வில் ஈடுபட்டோர் நன்கறிவர்.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்போரின் குடும்பத்துக்கு ரூ.4 இலட்சம் நிவாரணம் வழங்க வகைசெய்தது. வரவேற்கத்தக்க அந்த ஆணை, வெயிலில் சுருண்டு விழுந்து இறப்பவரைக் கணக்கில் கொள்கிறது. பத்துப் பதினைந்து கோடைகளில் சிறுகச் சிறுகச் சிறுநீரகத்தை இழப்பவரை அது எட்டவில்லை. உப்பளத் தொழிலாளருக்கு ஆண்டுதோறும் பருவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் கிரியாட்டினின் சோதனை செய்வது பெரும் செலவு பிடிக்கும் செயல் அன்று. அதனை ஆரம்ப சுகாதார நிலையத்தின் வழக்கமான பணியாக ஆக்கிவிடலாம். ஆய்வுக்காக இரத்தம் கொடுத்தவரிடம் அவருடைய முடிவைத் தமிழில் எழுதித் தருவதையும், பழுது கண்டால் சிகிச்சைக்கு அனுப்புவதையும் ஒவ்வொரு கூட்டாய்வும் தன் ஒப்பந்தத்திலேயே சேர்க்க வேண்டும். அளத்துக்கு ஒரு நிழற்கூடமும், பெண்களுக்குக் கழிப்பறையும், கூலியோடு கூடிய ஓய்வும் அடுத்த உப்புப் பருவம் தொடங்குமுன் வர வேண்டும். அதற்குத் தேவையான சான்று முழுவதும் போரூரிலும் கோத்தன்பர்க்கிலும் ஏற்கெனவே திரட்டப்பட்டுவிட்டது.